ஒராளுக்குச் சமைக்கிற அளவையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு பத்திரிகையில் வருகிற சமையல் குறிப்புகளை ஒன்றுவிடாமல் வாசிக்கிறவள் நான். எல்லாக் குறிப்புக்கும் மேலே ஒரு வரி இருக்கும், "நான்கு பேருக்கு" என்று. சில கிழமைகளில் ஆறு பேருக்கு. ஒராளுக்கு என்று ஒருநாளும் கண்டதில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 64 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்லடியில் தனியாக இருக்கிறேன். என் கணவர் காலமாகி ஐந்து வருஷம். மகள் கட்டாரில், மகன் கொழும்பில். சமைக்கத் தெரியாதவளும் இல்லை, சமைக்கப் பயந்தவளும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடங்கள் முகாம்களாக இருந்த நாட்களில் நாங்கள் ஏழெட்டு ஆசிரியைமார் சேர்ந்து விறகு அடுப்பில் கிடாரம் வைத்து, பருப்பும் பூசணிக்காயும் ஒன்றாகப் போட்டு, நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு ஆக்கிப் போட்டிருக்கிறோம். கை கொப்பளிக்கும், கண் எரியும், ஆனால் "நாளைக்கும் சமைக்க வேணுமே" என்று ஒருநாளும் நினைத்தது கிடையாது. அந்தக் கையால் இன்றைக்கு அரைச் சுண்டு அரிசியைக் களைந்து வைக்க முடியாமல் குசினி வாசலில் நின்று திரும்பி வந்து கட்டிலில் படுத்திருக்கிறேன்.

இதைச் சொன்னால் சொந்தக்காரர் சொல்வது ஒன்றே ஒன்று. "ஒராளுக்குச் சமைக்க என்ன வேலை கிடக்கு? பஞ்சிதான் உனக்கு." பஞ்சி இல்லை. ஒரு நாள் பகல் சமையலைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மூன்று கீரிமீன் என்றாலும் செதில் எடுக்க வேணும், குடல் எடுக்க வேணும், நாலு தண்ணியில் கழுவ வேணும். தேங்காய் உடைக்க வேணும், திருவலையில் குந்தித் துருவ வேணும், பால் பிழிய வேணும். வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை. அப்புறம் சோற்றுப் பானை, கறிச்சட்டி, சொதிச்சட்டி, திருவலை, வெட்டுப்பலகை, எல்லாம் கழுவி வைக்க வேணும். ஐந்து பேர் இருந்த வீட்டிலும் இதே வேலைதான், இப்போதும் இதே வேலைதான். ஒன்றரை மணித்தியாலம் சமைத்துப் பத்து நிமிஷத்தில் தின்று முடித்தால், எதிரில் "உப்புக் கூடிப்போச்சு" என்று சொல்லக்கூட ஆள் இல்லை. பாதித் தேங்காய் மிஞ்சும், கறி மிஞ்சும், அதே கறியை மூன்றாம் நாளும் சூடாக்கும்போது அந்த மணமே வயிற்றைப் பிரட்டும். பிறகு பாண், பிறகு கிறீம் கிராக்கரும் பிளேன்டீயும். அப்படித்தான் நான் போன வருஷம் முழுக்க இராச் சாப்பாட்டை முடித்தேன்.

கிளினிக்கில்தான் பிடிபட்டேன். எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, மாதாமாதம் காட்டப் போகிறவள். அன்றைக்குக் கொப்பியைத் திறந்து இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்த்த தாதிப் பிள்ளை கோபிக்கவில்லை, கொப்பியை மூடிவிட்டு, "அம்மா, நேற்று இரா என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். பாண் என்றேன். "முந்தநாள்?" பாண். அதற்கு முதல் நாள் என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவே வரவில்லை. நாற்பது பிள்ளைகள் படிக்கிற வகுப்பில் யார் காலைச் சாப்பாடு இல்லாமல் வந்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "தனியா இருக்கிற கனபேர் இப்படித்தான் அம்மா வாறாங்க" என்றாள்.

கனபேர். அந்தச் சொல்லுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். 2012 கணக்கெடுப்பிலேயே இந்த நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். எங்கள் ஒழுங்கையில் மட்டும் தனியே இருக்கிற பெண்கள் நாலு பேர். வயதானவர்கள் மட்டும் இல்லை, படுவான்கரைப் பக்கம் வேலை கிடைத்து அறை எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளைகள், மனைவி வெளிநாட்டில் வேலை செய்ய, பிள்ளைகளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு ஒற்றையாய் இருக்கிற ஆண்கள், எல்லோருக்கும் இதே கதைதான்.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் மீன். சைக்கிளில் பெட்டி கட்டி வருகிற தம்பி அரைக் கிலோவுக்குக் குறைய நிறுக்க மாட்டான். "கால் கிலோவுக்குத் தராசு வைக்க ஏலா டீச்சர், மிச்சத்த நான் என்ன செய்ற?" அவன் சொல்வதும் நியாயம்தான். அதனால் இப்போது அரைக் கிலோவே வாங்கி, அவனிடமே சுத்தம் செய்வித்து, உப்பும் மஞ்சளும் பிரட்டி, ஒரு நேரத்துக்கு எடுக்கிற அளவில் சின்னச் சின்னப் பொலித்தீன் பையில் கட்டி உறைய வைக்கிறேன். தேங்காயும் அப்படித்தான், ஒரே நாளில் இரண்டு தேங்காயைத் துருவி ஒரு கைப்பிடி ஒரு கைப்பிடியாகக் கட்டி வைத்தால் பத்து நாளைக்குத் திருவலைப் பக்கம் போகத் தேவையில்லை. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற நேரம் எல்லாம் கெட்டுப்போய்க் கொட்டினேன், அதற்குப் பிறகு கனக்கச் சேர்த்து வைப்பதில்லை.

சோற்றைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேணும். பகல் ஆக்கிய சோற்றை இரவு வரைக்கும் அப்படியே பானையில் மூடி வைத்துச் சாப்பிடுகிற பழக்கம் எனக்கும் இருந்தது. என்னிடம் படித்து இப்போது சுகாதாரப் பரிசோதகராக இருக்கிற பிள்ளை ஒருவன்தான் விளக்கினான். அரிசியில் இருக்கிற ஒரு வகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாதாம், சோறு வெக்கையில் மணிக்கணக்காகக் கிடந்தால் அது பெருகி நஞ்சை விடும், பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆறினவுடன், இரண்டு மணித்தியாலத்துக்குள், குளிர்ப்பெட்டியில் வைத்து அடுத்த நாளுக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேணும், சூடாக்குவது ஒரே ஒரு தடவை. தனியாக இருக்கிறவருக்கு இரவில் வயிற்றாலடித்தால் ஒரு போத்தல் தண்ணி எடுத்துத் தரவும் ஆள் இல்லை, அதனால் இதில் விளையாட வேண்டாம்.

இதெல்லாம் வேலையைக் குறைத்தது. அலுப்பைக் குறைத்தது வேறொன்று. எங்கள் ஒழுங்கையில் மூன்று பேர் சேர்ந்து திங்கள், புதன், வெள்ளி பகல் சாப்பாட்டை முறை வைத்திருக்கிறோம். ஒரு நாள் ஒருத்தி மூன்று பேருக்கும் ஆக்குவாள், மற்ற இரண்டு பேரும் பெட்டியோடு போய் எடுத்து வருவோம். முதல் இரண்டு கிழமையும் சண்டை. ஒரு அக்காவுக்குப் பிரஷர், உப்பே போட மாட்டா. மற்றவ புளியாணம் வைத்தால் வாய் கூசும். பிறகு உப்பை அவரவர் வீட்டில் போட்டுக்கொள்வது என்று முடிவாகிச் சமாதானம் ஆனோம். வெள்ளிக்கிழமை மரக்கறி, அதில் யாருக்கும் பேச்சில்லை. இப்போது வாரத்தில் இரண்டு நாள் நான் அடுப்பை மூட்டாமலே நல்ல சாப்பாடு சாப்பிடுகிறேன். என் முறை வருகிற புதன்கிழமை விடியவே எழும்பி முருங்கையிலை உருவுகிறேன், பஞ்சி எங்கே போனதென்று தெரியவில்லை. மூன்று மாதத்தில் கிளினிக் கொப்பியில் இலக்கமும் இறங்கியிருக்கிறது.

நகரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவர்களுக்கும் உங்கள் மூலமாக ஒரு வேண்டுகோள். நீங்கள் கட்டுகிற சோற்றுப் பார்சல் வயலுக்குப் போகிற ஆளுக்குச் சரி, எனக்கு இரண்டு நேரத்துக்கும் மிஞ்சும். அரைச் சோறு, அதே கறி, கொஞ்சம் குறைந்த விலை என்று அரைப் பார்சல் ஒன்று கட்டுங்கள். நான் கேட்டபோது ஒரு கடையில், "பாதியக் கொட்டுங்க அம்மா, விலை ஒண்டுதான்" என்றார்கள். நெல் விளைகிற மாவட்டத்தில் சோற்றைக் கொட்டச் சொல்வதைக் கேட்க மனசு பதறுகிறது.

கடைசியாக உங்களிடம். ஆறு பேருக்கு எழுதிய குறிப்பை ஆறால் பிரித்தால் ஒராளின் சமையல் வராது. வெந்தயத்தை ஆறால் பிரிக்க முடியாது, கால் தேங்காய்க்கு வேறு கணக்கு, சட்டியின் அளவு வேறு, அடி பிடிக்கிற நேரமும் வேறு. மாதத்தில் ஒரு தடவையாவது ஒராளுக்கான குறிப்பு போடுங்கள். முதலாவதை நானே தருகிறேன், ஒராளுக்குக் கீரிமீன் சொதி.

கீரிமீன் நாலு, சின்ன வெங்காயம் மூன்று, பச்சை மிளகாய் ஒன்று, வெந்தயம் எண்ணிப் பத்து, மஞ்சள் ஒரு சிட்டிகை, ரம்பை ஒரு துண்டு, கறிவேப்பிலை ஐந்தாறு இலை. எல்லாவற்றையும் மிகச் சின்னச் சட்டியில் முக்கால் கோப்பைத் தண்ணியோடு வைத்து மீன் வெந்ததும், உறைய வைத்த தேங்காய்ப்பூ ஒரு கைப்பிடியை இளஞ்சூட்டுத் தண்ணியில் பிழிந்த பாலை விடுங்கள். கொதிக்க விடாமல் நுரை கட்டுகிற நேரம் இறக்கி, உப்புப் போட்டு, இறக்கிய பிறகுதான் அரைத் தேசிக்காய் பிழிய வேணும், அடுப்பில் வைத்துப் பிழிந்தால் பால் திரைந்துவிடும். அடுப்பில் மொத்தம் பதினைந்து நிமிஷம். கழுவுவதற்கு ஒரு சட்டி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.