அடுப்படிச் சுவரை மட்டும் விட்டுவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ வேலை முடிந்து களைப்போடு பேசுவாய், நான் பாதியிலேயே சரிப்பா என்று வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

புது வீடு கட்டு. எனக்கும் ஆசைதான். ஆனால் பின்கட்டில் அடுப்படிக்குப் பின்னால் நிற்கிற அந்த ஒரு சுவரை மட்டும் இடிக்க வேண்டாம்.

2021-ல் நம் கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் சோழர் அரண்மனையைத் தேடி மறுபடியும் தோண்ட ஆரம்பித்தபோது நான் கூலிக்குப் போனது உனக்குத் தெரியும். அரண்மனை என்றால் பெரிய கோயில் மாதிரி கருங்கல்லில் இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். கருங்கல் சாமிக்கு. ராஜேந்திர சோழன் இருந்த மாளிகைக்குச் செங்கல் சுவர், மரத்தூண், மேலே சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கடுக்காகப் பதித்த சின்னச் சின்ன ஓடு. தூணுக்கு அடியில் மட்டும் கருங்கல். மரமெல்லாம் எரிந்தும் மக்கியும் போய், அதில் அடித்திருந்த இரும்பு ஆணி மட்டும் மண்ணுக்குள் கிடக்கிறது. சல்லடையில் துருப்பிடித்த ஆணி வந்து விழும்போதெல்லாம், இது எந்தக் கதவில் இருந்ததோ என்று நினைத்துக்கொள்வேன். தஞ்சாவூரை விட்டு இங்கே வந்த பிறகு, 1279 வரை சுமார் 250 வருஷம் சோழர்கள் இந்த மண்ணில் இருந்துதான் ஆண்டிருக்கிறார்கள். நாம் ஆடு மேய்த்த மேடு அது.

ஒரு நாள் குழியில் செங்கல் சுவர் ஒன்று வெளிப்பட்டது. பிரஷ்ஷால் தள்ளித் தள்ளி அதன் கூடவே போனோம். கொஞ்ச தூரம் போனதும் சுவர் நின்றுவிட்டது. சரி, முடிந்துவிட்டது என்று எழுந்தேன். அங்கே மேற்பார்வை பார்த்த படித்த பிள்ளை, "உட்காருங்கம்மா, சுவர் இன்னும் போகுது" என்றது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கையைப் பிடித்து மண்ணில் வைத்துக் காட்டியது. இரண்டு பக்கமும் மண் கெட்டியாக இருந்தது. நடுவில் மட்டும் சுவர் அகலத்துக்குப் பொலபொலவென்று மணல். யாரோ எப்போதோ செங்கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அந்தப் பள்ளத்தில் மணல் இறங்கி நிரம்பிவிட்டது. செங்கல் போனாலும் சுவர் போன வழி மண்ணில் அப்படியே இருக்கிறது.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் தாத்தா சொல்லுவாரே, "எங்கப்பன் மேட்டுல இருந்து மாட்டு வண்டியில ஏத்திக் கொண்டாந்த கல்லு" என்று, அது ஞாபகம் வந்துவிட்டது. மறுநாள் என் முந்தானையில் ஒரு நூலை உருவி, அவர்களிடம் கேட்டுக்கொண்டு, குழியில் இருந்த செங்கல் நீளத்துக்குப் பிடித்து முடிச்சுப் போட்டேன். வீட்டுக்கு வந்து அடுப்படியில் பூச்சு உதிர்ந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். முடிச்சுக்கு முடிச்சு சரியாக இருந்தது. முப்பது வருஷமாக நான் முதுகு சாய்த்து உட்கார்ந்த சுவர் அது, தம்பி.

உன் பூட்டனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழைக்கு மண்சுவர் கரையும்போது, கேட்பாரில்லாமல் நல்ல சுட்ட செங்கல் கிடந்தால் எவன் எடுக்கமாட்டான்? 1836-ல் கொள்ளிடத்துக் கீழணை கட்ட நம் கோயில் மதில் கல்லையே பெயர்த்துக்கொண்டு போகவில்லையா? அணைக்கரையில் பஸ் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புத்தான். ஆனால் அவர் தெரியாமல் செய்தார். நமக்குத் தெரிந்துவிட்டது. அப்புறமும் அதை உடைத்துத் தரைக்கு ஜல்லியாகக் கொட்டினால் எனக்குத் தூக்கம் வராது.

இன்னொன்று. முன்பக்கம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஜேசிபி வேண்டாம். ஆளை விட்டுத் தோண்டலாம். கூலி கூடத்தான் ஆகும். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்கிறேன். பானை ஓடு, ஆணி, செங்கல் வரிசை என்று ஏதாவது தட்டுப்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு வி.ஏ.ஓ.விடம் சொல்லிவிடலாம். நான்கு நாள் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

குழியில் சீனத்துப் பீங்கான் ஓடும் கிடைத்தது. இளம்பச்சை நிறம், தண்ணீரில் கழுவியதும் நேற்றுச் செய்த கிண்ணம் மாதிரி பளபளத்தது. கடல் தாண்டி, ஒருவேளை மலேசியாவில் நீ இருக்கும் கெடா பக்கமாகத்தான் வந்திருக்கும். நம் கடாரங்கொண்டான் ஊர்ப் பெயரில் இருக்கிற கடாரம் உன் கெடாதானாம். சுங்கை பட்டாணிக்குப் பக்கத்திலேயே பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில் அடித்தளங்களைத் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா. அங்கே செங்கல் இருந்தால் எவ்வளவு பெரிசு என்று எனக்குச் சொல்லு.

கொத்தனார் வருகிற வெள்ளிக்கிழமை அளவெடுக்க வருகிறார். அதற்குள் போன் போடு. நூலை அரிசிப் பானைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், நீ வந்தால் காட்ட.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா