கதவு பூட்டிக் கிடந்த தந்தி

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். போனில் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே உனக்கு வேறு ஏதாவது வந்துவிடுகிறது. அதனால்தான் தாளை எடுத்தேன். மெதுவாகப் படி.

தீபாவளிக்கு வந்திருந்தாயே, இரண்டாம் நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். மணி இரண்டரை. பின்வாசல் படியில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தாய். ஏதோ ஒரு தேசத்துச் சண்டை, அதை அடுத்து யாரோ ஒரு பெண்ணின் வளைகாப்பு, அடுத்து லாரி மோதிய விபத்து, அதற்கும் கீழே புடவை விளம்பரம். நான் பின்னால் நிற்பதே உனக்குத் தெரியவில்லை. தோளைத் தொட்டதும், "மண்டைக்குள்ள ஒரே இரைச்சலா கெடக்குப்பா, ஆனா கீழ வைக்கவும் முடியல" என்றாய். அன்றிலிருந்து அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை.

இது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும் அம்மா. 2023 டிசம்பர் 17. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி குறுக்குத்துறை முருகன் கோயிலை முழுங்கிவிட்டு வண்ணார்பேட்டைக்கும் ஜங்ஷனுக்கும் ஏறியது. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு ரயில் நின்றது. நம் வீடு மேடு. தண்ணீர் வரவில்லை, கரண்டும் டவரும்தான் இல்லை. நாங்கள் அரிக்கேன் விளக்கை ஏற்றி, கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கினோம். பெங்களூரில் இருந்த நீதான் இரண்டு ராத்திரியும் அந்த வெள்ளத்துக்குள் நின்றாய். யார் யாரோ போட்ட வீடியோ ஒவ்வொன்றிலும் நம் தெருவைத் தேடினாய். எங்கள் குரலைக் கேட்ட பிறகும் உன் கை தேடுவதை நிறுத்தவில்லை. அந்த இரண்டு நாள் பழக்கம்தான் வேறு வேறு வெள்ளங்களைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் தந்தி ஆபீஸில் உட்கார்ந்தவன். முதலில் மோர்ஸ் தட்டினேன், பிறகு டெலிபிரிண்டர். தந்திக்குச் சொல் கணக்கில் காசு என்பதால் ஜனங்கள் அவசியமானதை மட்டும்தான் அனுப்புவார்கள். அதில் பாதி சாவுச் சேதி. 'மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்று எத்தனை முறை என் கையால் வாங்கியிருப்பேன்! தந்திக்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினாலே, பிரிக்கும் முன்பே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். இவ்வளவையும் நாள் முழுக்க வாங்கிவிட்டு எப்படி வீட்டுக்கு வந்து உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன் என்று நானே யோசித்துப் பார்த்தேன்.

வாங்கின சேதியைக் கொடுத்துவிடுவோம். அவ்வளவுதான். ஒவ்வொன்றிலும் ஒரு பேரும் ஒரு முகவரியும் இருக்கும். உரியவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டால் என் தலையிலிருந்து அது இறங்கிவிடும். எப்போதாவது ஒருநாள் சைக்கிளில் போனவர் திரும்பி வந்து, "கதவு பூட்டிக் கிடக்கு சார்" என்பார். அன்றைக்கு மட்டும் எனக்குத் தூக்கம் வராது. யாருக்கோ யாரோ செத்துப்போயிருக்கிறார்கள், அந்தத் தாள் என் மேஜையில் கிடக்கிறதே என்று புரண்டுகொண்டிருப்பேன்.

உனக்கு வருகிறதெல்லாம் கதவு பூட்டிக் கிடக்கிற தந்திகள் அம்மா. ஒரு ராத்திரியில் முந்நூறு. எதிலும் முகவரி கிடையாது. வாங்க மட்டும்தான் செய்கிறாய், கொடுக்க ஆள் இல்லை. மனசு களைத்துப் போகாமல் என்ன செய்யும்? உன்னிடம் கட்டுப்பாடு இல்லை என்று நீயே உன்னைத் திட்டிக்கொள்வதை இன்றோடு விடு. பேப்பருக்குக் கடைசிப் பக்கம் உண்டு, மடித்து வைத்துவிடலாம். நீ பார்க்கிற பக்கத்துக்கு அடியே கிடையாது. 2006-ல் அப்படி வடிவமைத்த ஆசா ராஸ்கின் என்பவரே பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். நிற்க இடமில்லாமல் கட்டிய படிக்கட்டில் நீ நிற்கவில்லை என்று யார் குறை சொல்ல முடியும்?

ஆனாலும் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. ஏதாவது ஒரு சேதி நெஞ்சை அடைத்தால், அதில் உன்னால் கொடுக்க முடிந்தது உண்டா என்று பார். ஒரு போன், கொஞ்சம் பணம், ஒரு வார்த்தை. உண்டென்றால் அன்றைக்கே கொடுத்துவிடு. இல்லையென்றால் அது உன் மேஜைக்கு வந்த தந்தியே இல்லை. ராத்திரி ஒன்பதரைக்குப் போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு, படுக்கையறைக்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள். மணி அடிக்கிற அறிவிப்புகளையெல்லாம் நிறுத்து, அழைப்பு மட்டும் வரட்டும். நம் சொந்தக்காரர்கள் குரூப்பையும் சத்தமில்லாமல் வை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தினமும் காலையில் பூப்படம் அனுப்பிக்கொண்டிருந்தது நான். இனி அனுப்பமாட்டேன். உன் தலையில் நானும் ஒரு கல்லை வைத்திருக்கிறேன் என்று இப்போதுதான் உறைக்கிறது.

இதெல்லாம் செய்தும் தூக்கம் வராவிட்டால், நெஞ்சு படபடப்பு நிற்காவிட்டால், தயங்காதே. நிம்ஹான்ஸ் என்கிற பெரிய மனநல ஆஸ்பத்திரி உன் ஊரிலேயே இருக்கிறது. போன், இணையத்தால் வரும் இந்த மாதிரிச் சிக்கலுக்கென்றே அங்கே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டால் காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவதில்லையா, அதுபோலத்தான். கூட ஆள் வேண்டுமென்றால் சொல், ராத்திரி பஸ்ஸிலேயே கிளம்பி வருகிறேன்.

கடைசியாக ஒன்று. இந்தக் கவரில் எங்கள் முகவரி எழுதி, ஸ்டாம்ப் ஒட்டிய பத்துக் கவர் வைத்திருக்கிறேன். படுக்கும் முன், அன்றைக்குத் தலையில் தங்கிவிட்டதை மட்டும் ஒரு தாளில் எழுது. கோர்வையாக இருக்க வேண்டாம், ஒற்றை வரி போதும். தபாலில் போட்டுவிடு. 2013 ஜூலையோடு தந்தியை நிறுத்திவிட்டார்கள், ஆனால் வாங்குகிற வேலை எனக்கு மறக்கவில்லை. ஒவ்வொன்றையும் வாங்கி, தேதி போட்டு, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டு உனக்குத் திருப்பி அனுப்புகிறேன்.

அம்மா எள்ளு போட்ட இட்லிப் பொடி அனுப்பியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா