மேரிலாந்து (அமெரிக்கா) மாண்ட்கோமரி கவுன்ட்டி அன்பர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் நடன வகுப்புப் பிள்ளைகளின் ஆண்டு விழா நல்லபடியாக நடந்து முடிந்தது. அன்றே மேடையில் நன்றி சொன்னோம். ஆனால் நன்றியுரை எப்போதும் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் பாதிக் கூட்டம் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விடுகிறது. அன்று விட்டுப்போனவர்களுக்காக இந்த மடல்.

முதலில், பள்ளிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மேடைத் தரை பாலிஷ் போட்டுப் பளபளத்தது. வெறுங்காலில் ஆடும் பிள்ளைகள் ஒத்திகையிலேயே வழுக்கினார்கள். அவர் ஈரத் துடைப்பம் கொண்டுவந்து இரண்டு தடவை துடைத்தார். பிறகு தன் பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையையும் உருவிவிட்டு, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தானே நடந்து பார்த்தார். 'இப்போது ஆடச் சொல்லுங்கள்' என்றார்.

அடுத்து, ஒலி அமைத்த தம்பி. மிருதங்கத்துக்கு மைக் வைப்பது அவருக்கு அதுதான் முதல் முறை. வலந்தலை என்னும் வலப்பக்கம் மட்டும் ஒன்றை வைத்தார். தொப்பி என்னும் இடப்பக்கத்தின் கும்கி, அதாவது அந்தக் கனத்த நாதம், சுத்தமாகக் காணாமல் போனது. கொஞ்சம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இடப்பக்கம் இன்னொரு மைக்கைத் தாழ்வாக வைத்தார். அதன் பிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை. 'மிருதங்கக்காரர் எப்போது சுருதி சேர்த்து முடிப்பார்?' என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். அது எங்களுக்கும் தெரியாது, தம்பி.

பள்ளி அரங்கங்களை மாலையிலும் வார இறுதியிலும் பொதுமக்களுக்கு வாடகைக்கு விடும் கவுன்ட்டி அலுவலகத்தாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். காப்பீட்டுச் சான்றிதழ் என்றால் என்ன, குத்துவிளக்கில் ஏன் நிஜச் சுடர் கூடாது என்றெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். பேட்டரித் திரியும் பார்வைக்கு மோசமில்லை. எங்கள் பாட்டிமார்தான் இன்னும் சமாதானமாகவில்லை.

இந்தக் கவுன்ட்டியின் கலை வளர்ச்சி என்றாலே எல்லோரும் ஸ்ட்ராத்மோர் கலை மையத்தைத்தான் காட்டுவார்கள். காட்ட வேண்டியதுதான். 1981-இல் கவுன்ட்டி ஒரு பழைய மாளிகையை வாங்கி, 1983-இல் கலை மையமாகத் திறந்தது; 2005-இல் அதன் பக்கத்திலேயே, மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், 1,976 இருக்கைகளோடு இசை அரங்கம் எழுந்தது. மாநிலமும் கவுன்ட்டியும் பணம் போட்டன. அதாவது நம் வரிப்பணம். சில்வர் ஸ்பிரிங்கில் 1984-இல் மூடப்பட்ட பழைய சினிமாக் கொட்டகை 2003-இல் மறுபடி திறந்ததும், ஜெர்மன்டவுனுக்கு பிளாக்ராக் கலை மையம் வந்ததும் அதையொட்டிய ஆண்டுகளில்தான். ஆனாலும், 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் இடத்தில் கலையை வீட்டு வாசல்வரை கொண்டுவந்தவை இரவு ஒன்பது மணிக்கும் விளக்கெரியும் பள்ளி அரங்கங்கள்தான் என்போம். பெரிய அரங்கத்தின் வாடகை எங்களைப் போன்ற குழுவுக்குக் கட்டுப்படியாகாது.

இன்னொரு நன்றி பழைய பாக்கி. கிளென் எக்கோ பூங்காவுக்குப் போயிருப்பீர்கள். 1933-இல் கட்டிய நடன மண்டபம், மண்பாண்ட வகுப்புகள், பொம்மலாட்ட அரங்கு, பிள்ளைகள் இறங்க மறுக்கும் அந்த 1921-ஆம் ஆண்டுக் குதிரை ராட்டினம். ஒரு காலத்தில் அது வெள்ளையர்களுக்கு மட்டுமான கேளிக்கைப் பூங்கா. 1960 கோடையில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக் கறுப்பின மாணவர்கள் அந்த ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்தார்கள், கைதானார்கள். பக்கத்து பானக்பர்ன் குடியிருப்புக்காரர்கள் மாணவர்களோடு சேர்ந்து வெயிலில் மறியல் செய்தார்கள். 1961-இல் பூங்கா எல்லோருக்கும் திறந்தது. 1968 சீசனோடு கேளிக்கைப் பூங்கா மூடிவிட, பின்னால் தேசியப் பூங்காத் துறை இடத்தை எடுத்துக்கொண்டது, கலைஞர்கள் குடிவந்தார்கள். இன்று நம் வீட்டுப் பெண் அங்கே மண் பிசையக் கற்றுக்கொள்கிறாள் என்றால், வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர்களும் நம் நன்றிப் பட்டியலில் வர வேண்டியவர்கள்தான். விழா மேடையில் அதைச் சொல்ல நேரம் இருக்கவில்லை.

நாற்காலி அடுக்கிய அப்பாக்கள், இரவெல்லாம் ஜடைக்குப் பூ தொடுத்த அம்மாக்கள், பாட்டை நிறுத்தி நிறுத்தி மறுபடி போட்ட பிள்ளைகள், வீதியெங்கும் நின்ற எங்கள் கார்களைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தார், அனைவருக்கும் வணக்கம்.

பின்குறிப்பு: ஒற்றைச் சலங்கை ஒன்று, இரண்டு எவர்சில்வர் தூக்கு, ஒரு நீலக் குளிர்கோட்டு எங்களிடம் இருக்கின்றன. உரியவர்கள் அடுத்த வகுப்புக்கு வரும்போது வாங்கிக்கொள்ளவும். தூக்கைக் கழுவி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
விழாக் குழுவினர்