நன்றிக்கடன் வேறு, பொறுப்பு வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனை ஆதரித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகத்தில் காகிதம் சிக்கி அடிக்கடி நின்றுபோன அச்சுப்பொறி, அப்படி நிற்கும்போது பயனர்களுக்குத் தெரிவிக்கும்படி அதன் மென்பொருளை மாற்ற மூலநிரல் (மனிதர் படித்துத் திருத்தக்கூடிய நிரல்) கேட்டு, அது மறுக்கப்பட்டபோது மூண்ட கோபத்தை அவர் புலம்பித் தீர்த்துவிடவில்லை. 1983இல் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார், 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார், பின்னர் ஜிபிஎல் உரிமத்தை எழுதினார். நிரலை யாரும் மாற்றலாம், பகிரலாம், ஆனால் பகிரும்போது அதே உரிமையைப் பெறுபவருக்கும் தந்தாக வேண்டும் என்ற அதன் நிபந்தனைதான் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலை எந்தப் பெருநிறுவனமும் தனதாக்கிப் பூட்டிவிடாமல் இன்றுவரை காக்கிறது.

இந்தக் கடனையே அறக்கட்டளையின் இயக்குநர் குழுவில் அவர் அமர்வதற்கான தகுதியாகக் கட்டுரையாளர் காட்டுவதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கிய ஜெஃப்ரி எப்ஸ்டீன் விவகாரத்தில் பெயர் அடிபட்ட எம்ஐடி அறிஞர் மார்வின் மின்ஸ்கிக்கு ஆதரவாக எழுதிய மின்னஞ்சல்கள் கண்டனத்துக்குள்ளாகி, 2019 செப்டம்பரில் ஸ்டால்மன் அறக்கட்டளையின் தலைவர் பதவியிலிருந்தும் இயக்குநர் குழுவிலிருந்தும் விலகினார். அவர் சொல்லாததையும் சொன்னதாகச் சில ஏடுகள் எழுதின என்ற ஆதரவாளர்களின் ஆதங்கம் நியாயமானதே. ஆயினும், அவரது நடத்தை தங்களைச் சங்கடப்படுத்தியதாகப் பெண்கள் கூறியவற்றுக்கு அது பதிலாகிவிடாது.

2021 மார்ச்சில் தாம் குழுவுக்குத் திரும்பியதை அவரே ஒரு மாநாட்டில் அறிவித்தார். அறக்கட்டளையின் ஊழியர்களுக்கே அதுவரை செய்தி தெரியாது. அவரை நீக்கக் கோரிய கடிதத்தில் சுமார் 3,000 பேரும், ஆதரித்த கடிதத்தில் 6,000க்கும் மேற்பட்டோரும் கையொப்பமிட்டனர். இந்த எண்ணிக்கையைக் கட்டுரையாளர் தீர்ப்பாகவே கொண்டுவிட்டார். கையொப்பங்கள் அன்பையும் சினத்தையும் காட்டும். ஒருவரை எந்த அளவுகோல் கொண்டு குழு தேர்ந்தெடுத்தது என்பதைச் சொல்லாது. அதே வேளையில் லினக்ஸ் சார்ந்த இயங்குதளம் ஒன்றைத் தன்னார்வலர்களாக உருவாக்கும் டெபியன் திட்டம் தன் உறுப்பினர்களிடம் முறைப்படி வாக்கெடுப்பு நடத்தி, இதில் அறிக்கை எதுவும் வெளியிடுவதில்லை என முடிவு செய்தது. அம்முடிவு எனக்கு ஏமாற்றமே; ஆனாலும் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அதில் வாக்கு இருந்ததால் அதை மதிக்கிறேன்.

நிரலின் ஒவ்வொரு வரியும் திறந்திருக்க வேண்டும் எனப் போராடும் அமைப்பு, 2021இல் தன் இயக்குநர் நியமனத்தை மட்டும் மூடிய அறைக்குள் முடித்தது தகாது. ஸ்டால்மனை நேசிப்பவர்களே முன்வந்து, நியமனத்துக்கான காரணங்களை எழுத்தில் வெளியிடும்படியும், முறையிடுவோர் அச்சமின்றிப் பேசக் குழுவைச் சாராத ஒருவரை அமர்த்தும்படியும் அறக்கட்டளையைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
கட்டற்ற மென்பொருள் பயன்படுத்தும் வாசகர்