பூட்டாமல் வரிசைப்படுத்தினோம்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிவிட்டாள் என்று வாசித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பகலில் தலைகாட்ட முடியாத வெக்கை. அம்மா சுகமாக இருக்கிறா.

சரி, எங்கள் படிப்பகத்தில் இணைய நெரிசலை எப்படிச் சரிப்படுத்தினோம் என்று நீ கேட்ட விஷயம். பின்னேரமானால் பிள்ளைகள் எல்லாரும் ஒரே இணைய இணைப்பில்தான். ஒருவர் வீடியோ ஏற்றத் தொடங்கினால், பக்கத்தில் சூம் வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் வெட்டி வெட்டிக் கேட்கும். யூடியூபைப் பூட்டச் சொல்லிச் சிலர் நின்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. உயர்தரப் பௌதிகவியலுக்குப் பாதிப் பேர் அதில்தான் பாடம் கேட்கிறார்கள்; அதைப் பூட்டிவிட்டுப் படிப்பகம் எதற்கு?

கோளாறு மொடத்துக்குள் தேங்கும் தரவு வரிசையில் இருந்தது. எங்கள் ஏறும் (பதிவேற்ற) வேகம் செக்கனுக்கு 4 மெகாபிட். மொடத்துக்குள் ஒரு மெகாபைட் தேங்கினாலே அது வெளியேற 2 செக்கன் வேண்டும். குரலைச் சுமக்கும் தரவுப் பொட்டலம் எவ்வளவு சின்னதென்றாலும் அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். பாலம் வருவதற்கு முன்னம் கிண்ணியாப் பாதைப் படகுக்கு நாம் காத்து நின்றோமே, அப்படித்தான்.

மொடத்தின் வரிசையில் நாங்கள் கைவைக்க முடியாது. அதனால் வரிசையை, மொடத்துக்கும் எங்கள் உள்வலைக்கும் நடுவில் நிற்கிற ஓபன்பிஎஸ்டி இயங்குதளக் கணினிப் பெட்டிக்கே கொண்டுவந்தேன். அதன் தீச்சுவரான பிஎஃப்பின் விதிக்கோப்பில் உச்சவேகம் 3.6 மெகாபிட் என்று ஒரே ஒரு வரி. லைன் தருவதைவிடக் கொஞ்சம் குறைவு. இனித் தேங்குவதெல்லாம் எங்கள் பெட்டியில்தான். அதே வரியில் ‘ஃப்ளோஸ்’ என்றும் போட்டேன். 2017இல் வந்த 6.2 பதிப்பிலிருந்து இது இருக்கிறது, உள்ளே ஓடுவது எஃப்கியூ-கோடெல் என்ற வரிசை முறை. ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியாகப் பிரித்து முறை வைத்து விடுவதால், குரல் போல மெல்லியதாக ஓடுவதற்கு உடனே வழி கிடைக்கிறது. இறங்கும் பக்கத்துக்கும் இதே மாதிரி, உள்வலை அட்டையில். இப்போது ஒருவர் வீடியோ ஏற்றினாலும் மற்றப் பிள்ளைக்கு வகுப்பு தெளிவாகக் கேட்கிறது, மச்சான். யாருக்கும் எதையும் மறுக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

தீச்சுவர் விதிகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஃப்ரீபிஎஸ்டியின் தீச்சுவரான ஐபிஎஃப்டபிள்யூவில் முதலில் பொருந்தும் விதி முடிவு சொல்லும். பிஎஃப்பில் கடைசியாகப் பொருந்துவதுதான் செல்லும், ‘குயிக்’ போட்டால் மட்டும் அங்கேயே நிற்கும். ஆகவே மேலே எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, கீழே வேண்டியதைத் திற. இன்னொன்று: விதியை மாற்றி ஏற்றினாலும், ஏற்கெனவே ஓடுகிற இணைப்புகள் பழைய நிலையிலேயே போகும். புது இணைப்பைத் திறந்துதான் சோதிக்க வேண்டும். நீ தூரத்திலிருந்து உள்நுழைகிற ஆள். முதலில் ‘பிஎஃப்சிடிஎல் -என்எஃப்’ என்ற கட்டளையோடு விதிக்கோப்பின் பெயரைக் கொடுத்து, ஏற்றாமலேயே எழுத்துப்பிழை பார். பிறகு, 10 நிமிடத்தில் பழைய கோப்பு தானாகத் திரும்ப ஏறும்படி குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் ‘ஏட்’டில் ஒரு வேலை போட்டுவிட்டு மாற்று. வாசல் பூட்டுப்பட்டாலும் 10 நிமிடத்தில் திறந்துவிடும். எல்லாம் சரியென்றால் அந்த வேலையை நீக்கிவிடு.

அப்புறம், நீ லினக்ஸில் இதே போல வரிசையைக் கவனிக்கும் ‘கேக்’ பாவிக்கிறதாக எழுதியிருந்தாய். ஒரு கணினிக்கு இவ்வளவு என்று அது பங்கு பிரிப்பது எப்படி வேலை செய்கிறது? எங்களிடம் ஒரே ஆள் பல பதிவிறக்கங்களைத் திறந்தால் அவருக்கே பங்கு கூடுகிறது. உன் அமைப்புக் கோப்பை அனுப்பு, இந்த விடுமுறைக்குள் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் கூட்டாளி