வேலை தேடும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு தனிக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

படித்து முடித்தும் வேலை கிடைக்காத இளைஞர்களைப் பற்றி நாளிதழ்களில் நிறைய வருகிறது. அவர்களுக்குச் சோறு போட்டு, ரீசார்ஜ் செய்து, தேர்வு எழுத வெளியூருக்கு வழிச்செலவும் கொடுக்கும் வீட்டின் வரவு செலவைப் பற்றி எழுதுவோர் குறைவு. மாதம் 25,000 ரூபாய் வருமானம், வாடகையோ வீட்டுக் கடனோ ஒரு பக்கம், அப்பா அம்மாவின் மருந்துச் செலவு ஒரு பக்கம், நடுவில் இருபத்தைந்து வயதைத் தொட்ட மகனோ மகளோ. இப்படிப்பட்ட வீடுகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் பணம் கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கேட்கும்போதெல்லாம் ஜிபேயில் ஐம்பது, நூறு, இருநூறு என்று போகிறது. எவ்வளவு போனது என்று பெற்றோருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. கேட்பவருக்குக் கூச்சம், கொடுப்பவருக்கு எரிச்சல். அதற்குப் பதிலாக மாதம் 1ஆம் தேதி ஒரே தொகையாகக் கொடுத்துவிடலாம். மேலே சொன்ன வருமானத்தில் கைச்செலவுக்கு 1,500, தேர்வுக்கும் நேர்காணலுக்கும் தனியாக 500 என்பது தாங்கக்கூடிய அளவு. இந்த 500 ரூபாயைக் கைச்செலவோடு கலக்கவே கூடாது. செலவாகாத மாதங்களில் அது சேர்ந்துகொண்டே வந்தால்தான் சென்னையில் நேர்காணல் என்று திடீரெனக் கடிதம் வரும்போது கடன் வாங்காமல் அனுப்ப முடியும். ரீசார்ஜும் பெட்ரோலும் கைச்செலவுக்குள்தான். 28 நாள் திட்டம் போட்டால் ஆண்டுக்கு 13 ரீசார்ஜ் ஆகும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அம்மாவுக்கு வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் அப்படியே மகனின் பைக்கின் டேங்குக்குள் போகும் வீடுகள் ஏராளம்; மகள் என்றால் நகரப் பேருந்தில் கட்டணம் இல்லாததால் அந்தச் செலவு மிச்சம் என்று யாரும் அவளுக்குக் கூடுதலாகக் கொடுப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேர்வுக் கட்டணத்தில் கொஞ்சம் கவனித்தால் மிச்சம் உண்டு. டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்தாண்டு செல்லும். குரூப் 4 தேர்வுக்கு 100 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தேர்வுக் கட்டணமே இல்லை. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று முறை இலவசம். இந்த மூன்று வாய்ப்பும் எல்லாத் தேர்வுகளுக்கும் சேர்த்துத்தான். ஏற்கெனவே தீர்ந்துவிட்டதை மறந்து மறுபடி சலுகை கேட்டால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம், ஆகவே எந்தத் தேர்வுக்கு எப்போது பயன்படுத்தினோம் என்று குறித்து வைக்க வேண்டும். தொழில்நுட்பம் சாராத பணிகளுக்கான ரயில்வே என்டிபிசி தேர்வுக்குப் பொதுப் பிரிவு, இதர பிற்படுத்தப்பட்ட பிரிவு ஆண்கள் 500 ரூபாய் கட்டுகிறார்கள்; முதல் கட்டத் தேர்வை எழுதியவருக்கு அதில் 400 திரும்பக் கிடைக்கும். வங்கிக் கணக்கு எண்ணையோ ஐஎஃப்எஸ்சி குறியீட்டையோ தவறாகப் பதிந்தவர்களுக்கு வராது. விண்ணப்பித்துவிட்டுத் தேர்வுக்குப் போகாதவர்களுக்கும் வராது.

பயிற்சி மையத்துக்குக் கடன் வாங்கிக் கட்டுவதற்கு முன்னால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்துக்கு ஒரு மாதமாவது போய்ப் பார்க்கட்டும். அங்கே கட்டணம் இல்லை. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடநூல்களும் முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. குரூப் 4இல் 200 கேள்விகளில் பாதி தமிழ்ப் பகுதி. அதில் தகுதி மதிப்பெண் எடுக்காதவரின் மீதித் தாளைக் கணக்கில் எடுப்பதில்லை. அதைப் படிக்கப் பள்ளிப் புத்தகம் போதும்.

ஏதாவது ஒரு வருமானம் வேண்டும் என்கிற பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் தொழில் பழகுநர் பயிற்சி நல்ல வழி. 2019ஆம் ஆண்டு விதிகளின்படியே பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய். திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி, அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் ஆள் எடுக்கின்றன. பழகுநர் பயிற்சிக்கான மத்திய அரசின் நாட்ஸ் (NATS) இணையத்தளத்தில் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. ஆனால் இதற்குக் காலக்கெடு உண்டு. படித்து முடித்துச் சில ஆண்டுகள் தள்ளிப்போனால் தகுதி போய்விடும். அரசு வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்து இதைக் கோட்டைவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இனி கல்விக் கடன். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை. அந்த ஓராண்டு முடிந்தும் வேலை கிடைக்காவிட்டால் பெற்றோர் வங்கிப் பக்கமே போகாமல் ஒதுங்குகிறார்கள். அல்லது தாலிச் செயின் வரை அடகு வைத்துத் தவணை கட்டுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. நான்கு லட்சம் ரூபாய், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஏழாண்டுத் தவணை மாதம் சுமார் 6,640 ரூபாய். பதினைந்தாண்டு என்றால் சுமார் 4,300. மொத்த வட்டி கூடும்தான், ஆனால் 25,000 ரூபாய் வீட்டில் மாதம் 2,300 ரூபாய் வித்தியாசம் என்பது மளிகையில் பெரும்பகுதி. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் பதினைந்தாண்டு வரை தவணைக் காலம் இருக்கிறது. கடன் காலத்தில் வேலையில்லாத இடைவெளிகளுக்கு இரண்டு, மூன்று முறை தவணையை நிறுத்திவைக்கவும் அதில் இடம் உண்டு. இது வங்கி கொடுத்தே தீர வேண்டிய உரிமை அல்ல. கேட்டால் பரிசீலிப்பார்கள், கேட்காதவருக்குக் கிடையாது.

கேட்கும் முறையும் முக்கியம். கவுன்ட்டரில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. கிளை மேலாளருக்குக் கடிதம் எழுதி, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டை, எழுதிய தேர்வுகளின் ஹால் டிக்கெட் நகல்களை இணைத்து, ஒரு பிரதியில் தேதியோடு வங்கி முத்திரை வாங்கி வைக்க வேண்டும். முப்பது நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக அந்த முத்திரைதான் ஆதாரம். தவணை தொண்ணூறு நாளுக்கு மேல் நின்றால் வாராக் கடன் ஆகிவிடும், அதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும். அதற்குப் பிறகு பிள்ளையின் சிபில் எனும் கடன் மதிப்பெண் மட்டுமல்ல, கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்ட அப்பாவின் சிபிலும் விழும். வங்கித் தேர்வு எழுதும் பிள்ளைக்கு இது இரட்டை அடி: சிபில் சரியில்லை என்று ஸ்டேட் வங்கி பணி நியமனத்தை ரத்து செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் ஏற்றுக்கொண்டது.

பெற்றோரின் ஓய்வுக்காலச் சேமிப்பில் கைவைக்கக் கூடாது என்பதில் நான் கறாராகவே இருப்பேன். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்பை ஓராண்டுக்குள் முடித்தால் கொடுத்த வட்டியையே பிடித்துக்கொள்வார்கள், இரண்டாண்டுக்குள் என்றால் அசலில் ஒன்றரை சதவீதம், அதற்குப் பிறகு ஒரு சதவீதம் போகும். போவதைவிடப் பெரிய இழப்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த வட்டி நின்றுபோவது. வேலை கிடைத்த பிறகு பிள்ளை திருப்பித் தரலாம். தராமலும் போகலாம், அதற்குள் அவனுக்குக் குடும்பம் வந்துவிடும்.

மருத்துவத்தில் ஒரு பொறி இருக்கிறது. அப்பா இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீட்டில் இருந்தால் படித்துக்கொண்டிருக்கும் மகனுக்குக்கூட 21 வயதோடு சிகிச்சை உரிமை முடிகிறது; திருமணமாகாத மகளுக்குத் தொடரும். பல நிறுவனக் குழுக் காப்பீடுகளில் 25 வயதோடு பெயர் எடுக்கப்படும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுக்காக ரேஷன் அட்டையில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஹாஸ்டலில் இருந்தபோது வேறு அட்டைக்கு மாற்றிவிட்டு மறந்துபோனவர்கள் உண்டு. வருமானம் அதற்கு மேல் என்றால் அடிப்படை மருத்துவக் காப்பீட்டின் பிரீமியத்தைப் பிள்ளையின் கணக்கில் சேர்த்தே தீர வேண்டும். வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம் செய்யும் விபத்துக் காப்பீட்டில் 18 முதல் 70 வயது வரை உள்ள யாரும் சேரலாம், இரண்டு லட்சம் ரூபாய். பைக் ஓட்டும் பிள்ளைக்கு அது அவசியம்.

மின்கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் ஒருவர் வீட்டில் இருந்தால் 75 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் கூடுதலாக ஓடும், இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். லேப்டாப்பையும் சேர்த்தால் அறுபதைத் தாண்டும். 450 யூனிட்டில் நின்ற வீடு 500ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ் அடுக்கில் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். பிள்ளையைத் திட்டுவதைவிட குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி விசிறி ஒன்று மாட்டுவது மேல்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. வெளிநாட்டு வேலைக்கு முகவர் பெயர் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். சுற்றுலா விசாவில் தாய்லாந்துக்கு டேட்டா என்ட்ரி என்று போனவர்கள் மியான்மர் எல்லையில் மோசடிக் கூடாரங்களில் அடைபட்ட செய்தி 2022 முதல் வந்துகொண்டிருக்கிறது. உள்ளூரிலேயே இன்னொன்று நடக்கிறது. கமிஷன் தருகிறேன், உன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடு என்று கேட்கிறார்கள். கொடுத்தால் கணக்கு முடங்கும், வழக்கும் வரும். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்ல வேண்டும்.

கடைசியாக அரசுக்கு. ஐந்தாண்டு பதிவு செய்து காத்திருக்கும் பட்டதாரிக்கு வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை மாதம் 600 ரூபாய், மூன்றாண்டுக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 6,000. பொறியியல் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்குக் கிடையாது. இந்த வரம்பையும் தொகையையும் இன்றைய விலைவாசிக்கு ஏற்ப மாற்ற வேண்டும், காத்திருக்கும் ஐந்தாண்டை இரண்டாகக் குறைக்க வேண்டும். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஒவ்வொரு அறிவிப்போடும் தேர்வுக் கட்டணம் எவ்வளவு, யாருக்கு விலக்கு, எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற மூன்று விவரத்தையும், அந்த வாரம் எந்தெந்த மாவட்டத்தில் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடக்கிறது என்பதையும் சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
திண்டுக்கல்