சர்க்கரை நோட்டில் எடைக்கும் ஒரு கட்டம் போடுங்கள்

கடலூர் மாவட்ட மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், வீடு வீடாக மாத்திரை கொண்டு வரும் மக்களைத் தேடி மருத்துவம் சகோதரிகளுக்கும்,

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் 30 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது என் மேசையில் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்று என் கடை அளவு நோட்டு. இன்னொன்று என் அண்ணனின் சர்க்கரை நோட்டு. அண்ணன் இப்போது இல்லை. கணையப் புற்றுநோய்.

அளவு நோட்டில் அண்ணன் பக்கத்தைப் பார்க்கிறேன். தீபாவளிக்குப் புது பேண்ட் தைத்தபோது இடுப்பு 38. மாசி மகத்துக்கு முதல் வாரம் அதே பேண்டைக் கொண்டு வந்து, "கொஞ்சம் பிடிச்சுக் குடுடா" என்றார். 36. ஆடியில் மறுபடி வந்தார். 33½. பின் தையலைப் பிரித்து அந்த அளவுக்குப் பிடித்தபோது, பின்பாக்கெட் இரண்டும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டன. இதற்கு மேல் பிடிக்க முடியாது, புதுசுதான் தைக்க வேண்டும் என்று சொன்னேன். சிரித்தார்.

இப்போது சர்க்கரை நோட்டு. அண்ணனுக்கு 58 வயதில்தான் சர்க்கரை வந்தது. எங்கள் அப்பா அம்மா இருவருக்கும் கிடையாது. வெறும் வயிற்றில் 148, அப்புறம் 171, அப்புறம் 210. ஒரு மாத்திரை இரண்டானது, இரண்டு மூன்றானது. தேதி இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, மாத்திரை பெயர் இருக்கிறது. எடை ஒரு பக்கத்திலும் இல்லை. பார்த்த தனியார் மருத்துவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. "சுகர் வந்தா இளைக்கத்தான் செய்யும்" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். கையில் இன்ச் டேப்பை வைத்துக்கொண்டு நானும் அதையேதான் சொன்னேன்.

புரட்டாசியில் கண் மஞ்சளானது. உடம்பெல்லாம் அரிப்பு. புதுச்சேரி ஜிப்மரில் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது கட்டி ஈரலுக்கும் பரவியிருந்தது. அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாட்களில் மருத்துவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு தேடிப் படித்ததையும் வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

வருடக்கணக்கில் சர்க்கரை இருப்பவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். அது ஒரு பக்கம். எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது மறுபக்கம். கணையத்தில் வெளியே தெரியாமல் வளரும் கட்டியே சர்க்கரையை வரவழைக்கும். அப்போது சர்க்கரைதான் அந்த நோயின் முதல் தகவல். 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வருபவர்களில் ஏறக்குறைய 100க்கு ஒருவருக்கு, 3 வருடத்துக்குள் கணையப் புற்றுநோய் தெரியவருகிறது. மற்ற 99 பேருக்கும் அது இல்லை. ஆகவே புதிதாகச் சர்க்கரை வந்த எல்லாரையும் ஸ்கேனுக்கு அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்த ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? சாதாரணமாக இந்த வயதில் சர்க்கரை வருபவர்களுக்கு அதற்கு முன்பு எடை கூடியிருக்கும், அல்லது அப்படியே இருக்கும். கட்டியால் வரும் சர்க்கரையில் எடை இறங்கும், சர்க்கரை மட்டும் விறுவிறுவென்று ஏறும். அமெரிக்காவில் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2018இல் இதற்கு ஒரு மதிப்பெண் கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வயது, சர்க்கரை ஏறிய அளவு, எடை மாறிய அளவு, இந்த மூன்றும் போதும். ஆனால் ஒரு வருடம் முன்பு என்ன எடை இருந்தார் என்று தெரிந்தால்தான் அந்தக் கணக்கைப் போட முடியும். என் அண்ணனின் ஒரு வருடம் முந்தைய உடம்புக்கு இருந்த ஒரே பதிவு தையல்காரன் நோட்டில்தான் இருந்தது.

இளைப்பவர்கள் எல்லாருக்கும் இந்த நோய் என்று யாரும் பயந்துவிடக் கூடாது. சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் ஓடினாலும் இளைக்கும். சில புது மாத்திரைகளும், இப்போது எல்லாரும் பேசுகிற ஊசிகளும் எடையைக் குறைக்கும். ஆனால் சாப்பாடும் நடையும் மாறாமல், எடைக்கான மருந்தும் எடுக்காமல் ஒருவர் இளைத்துக்கொண்டே போனால், மாத்திரையைக் கூட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். அண்ணனுக்கு ஆரம்பத்தில் எடுத்த வயிற்று அல்ட்ராசவுண்டில் ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. குடலில் உள்ள காற்று அதை மறைத்துவிடும் என்று பிறகுதான் சொன்னார்கள். இந்த நோய் தெரியவரும்போது அறுவை சிகிச்சை செய்யும் நிலையில் இருப்பவர்கள் பத்தில் இரண்டு பேர்தான். சில மாதங்கள் முந்துவதில் எல்லாமே இருக்கிறது.

மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அண்ணன் காரியம் முடிந்த மறுவாரமே எங்கள் தெருவில் இரண்டு பேர் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். "அந்த மாத்திரைதான் கணையத்தைக் கெடுத்துச்சு" என்று பேச்சு. அண்ணன் சாப்பிட்டது மெட்ஃபார்மினும் சிட்டாகிளிப்டினும். சிட்டாகிளிப்டின் வகை மருந்துகள் மேல் 2013 வாக்கில் உலகம் முழுக்க இந்தச் சந்தேகம் எழுந்தது உண்மை. அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் இரண்டும் சேர்ந்து ஆராய்ந்து, இந்த மருந்துகளால்தான் புற்றுநோய் வருகிறது என்பதற்குத் தரவுகள் இடம் தரவில்லை என்று 2014இல் சொன்னார்கள். அடுத்த வருடம் முடிவு வெளியான பெரிய ஆய்வில் 14,000க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள்; சிட்டாகிளிப்டின் சாப்பிட்டவர்களிடம் கணையப் புற்றுநோய் கூடுதலாக இல்லை. கணைய அழற்சி பற்றிய எச்சரிக்கை அந்த மருந்துக்கு உண்டு. மேல்வயிற்றில் கடும் வலி வந்து முதுகுக்குப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது வேறு விஷயம்.

பிறகு ஏன் புற்றுநோய் வந்தவர்கள் கையில் எல்லாம் நிறைய மாத்திரையும் இன்சுலினும் இருக்கின்றன? கட்டி சர்க்கரையை ஏற்றுகிறது, ஏறியதால் மருந்து கூடுகிறது. கிழிந்ததால்தான் சட்டை என் கடைக்கு வருகிறது. என் கடைக்கு வந்ததால் கிழிந்தது என்று சொன்னால் எப்படி? மாத்திரையை நிறுத்திய அந்த இருவரில் ஒருவருக்குக் கால் புண் ஆறாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பேச்சை வீட்டு வாசலில் நின்று மறுக்கக்கூடியவர்கள் சகோதரிகளான நீங்கள்தான். 2021 ஆகஸ்டில் இந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து தெருவில் உங்கள் வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

அதிகாரிகளிடம் நான் கேட்பது இதுதான். மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் எடையும் பார்த்து எழுதட்டும். அதற்கு நோயாளி கையில் உள்ள நோட்டில் ஒரு கட்டம் போடுங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்து, காரணமில்லாமல் எடை இறங்கினால் யாரிடம் அனுப்ப வேண்டும், எந்த ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு எழுத்தில் கொடுங்கள். இளம் வயதிலேயே கணையத்தில் கல் விழுந்து சர்க்கரை வந்தவர்கள் நம் பக்கம் உண்டு. அவர்களுக்குக் கணையப் புற்றுநோய் அபாயம் மற்றவர்களைவிட மிக அதிகம் என்பதால் அவர்கள் பெயரைத் தனியாகக் குறித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கடை வாசலில் ஒரு எடை மெஷின் வாங்கி வைத்திருக்கிறேன். அளவு கொடுக்க வருபவர்கள் ஏறி நிற்கிறார்கள். சர்க்கரை நோட்டு கொண்டு வந்தால், கட்டம் இல்லாததால் அட்டையின் உள்பக்கத்தில் தேதி போட்டு எடையை எழுதிக் கொடுக்கிறேன். நேற்று வரை 41 பேருக்கு எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.